சோறு இறங்கவில்லையா? கஞ்சிக்கு மாறிவிடாதீர்கள்

முதலில் புரோட்டாவும் கறியும் நெஞ்சில் நிற்கும். பிறகு சோறு. வாய்க்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்து ஒப்பேற்றுவார்கள். சில மாதத்தில் இட்லியைப் பாலில் கரைப்பார்கள், கடைசியில் கஞ்சி. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள். வயதானால் வருவதல்ல இது. உணவுக்குழாய்ச் சுருக்கம் ஒரு நோய், பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய நோய்.

எதனால் சுருங்குகிறது?

உணவுக்குழாயின் நீளம் சுமார் 25 செ.மீ. அதன் உள்விட்டம் 13 மி.மீ.க்குக் கீழே போனால் கெட்டி உணவு சிக்கும். வருடக்கணக்கில் நெஞ்செரிச்சலைச் சோடா குடித்தே சமாளிப்பவர்களுக்கு, மேலேறும் அமிலம் குழாயின் அடிப்பகுதியைப் புண்ணாக்கும். அந்தப் புண் ஆறும்போது தழும்பு இறுகும். இரும்புச்சத்து குறைந்த பெண்களுக்கு மேற்பகுதியில் சவ்வு வளர்வதுண்டு. புகையும் மதுவும் சேர்ந்தவர்களுக்குப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றிலும் கொடியது கக்கூஸ் கழுவும் ஆசிட். பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்ததைத் தண்ணீர் என்று குழந்தை குடித்துவிடும். அப்போது வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன வழியே திரும்பி வந்து மறுபடி சுடும். உப்புத்தண்ணீரும் கூடாது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பலூன் சிகிச்சை

முதலில் எண்டோஸ்கோப்பி, தேவைப்பட்டால் சதை எடுத்துப் புற்றா என்று பார்ப்பார்கள். பிறகு சுருங்கிய இடத்தில் பலூனையோ, படிப்படியாகப் பருத்த குழாய்களையோ செலுத்தி விரிப்பார்கள். சின்ன வளையலைக் கையில் ஏற்றுகிற பக்குவம் வேண்டும். பொதுவாக ஒரே அமர்வில் 3 மி.மீ.க்கு மேல் விரிக்கமாட்டார்கள். அவசரப்பட்டால் குழாய் கிழியலாம். எனவே சில வார இடைவெளியில் பலமுறை வரவேண்டும். ஆசிட் தழும்புக்கு மாதக்கணக்காகும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டாம் முறைக்குப் பின் சோறு இறங்கியதும் நின்றுவிடுகிறார்கள். தழும்பு மீண்டும் இறுகுகிறது. அமிலம் குறைக்கும் மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. பலூனுக்கு மசியாத சுருக்கத்துக்கு, இரைப்பையையோ பெருங்குடலையோ மேலே இழுத்துப் புது வழி அமைக்கும் அறுவை சிகிச்சை உண்டு.

எங்கே போவது?

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் இரைப்பை, குடல் நோய்களுக்கு மருத்துவத்துறையும் அறுவைத்துறையும் தனித்தனியே உண்டு. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. விழுப்புரம், கடலூர்க்காரர்களும் அங்கேதான் வருகிறார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

பலூன் வைத்த பின் நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தாலோ, எச்சில்கூட இறங்காமல் போனாலோ விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.