கிராமத்து மனோவைத்தியம்

பட்டணத்து மனோவைத்தியருக்கு, தம்மைத் தேடி வருகிறவரின் கதையைக் கேட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்புவதோடு அன்றைய கடமை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கிராமாந்தரங்களில் மனநல சேவையை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றவருக்கோ, ஒருவரும் தேடி வராத இடத்திலிருந்துதான் வேலையே ஆரம்பமாகிறது. புத்தி பேதலித்த மகனைக் கோயிலிலும் தர்காவிலும் கொண்டுபோய் விட்ட பெற்றோரை மூடர்கள் என்று ஏசுவது சுலபம். ஆனால் தர்காவுக்குப் போக ஊரறிந்த வழி இருந்தது, வைத்தியரிடம் போகத்தான் வழி இல்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி தர்கா ஊரான ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையான பிறகே, ஊருக்கும் வைத்தியருக்கும் இடையிலிருந்த அந்தத் தூரத்தை நாடு திரும்பிப் பார்த்தது.

வைத்தியர்களில் சிலர் அதை வெகு முன்பே பார்த்திருந்தார்கள். 1975இல் உலக சுகாதார ஸ்தாபனம் சில தேசங்களில் தொடங்கிய பரீட்சையின் பகுதியாக, சண்டிகரில் பேராசிரியராயிருந்த என். என். விக், சீனிவாச மூர்த்தி முதலியோர் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தில் இறங்கினார்கள். தாங்கள் மாத்திரம் வைத்தியம் பார்த்தால் எத்தனை ஜன்மம் எடுத்தாலும் போதாது என்று கண்டு, தங்கள் வித்தையில் ஒரு பங்கை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கும் ஊர் ஊராய்ச் சுற்றும் சுகாதார ஊழியருக்கும் பகிர்ந்து கொடுப்பதே அவர்கள் வகுத்த உபாயம். வியாதியின் பெயர் ஊழியருக்குத் தெரியவேண்டியதில்லை. தனியே பேசிச் சிரிப்பவர் யார், வேலை வெட்டியை விட்டு மூலையில் முடங்கியவர் யார், வலிப்பு வருகிறவர் யார் என்று விசாரிக்கத் தெரிந்தால் போதும்.

வலிப்பை இதில் சேர்த்தது வெகு சாமர்த்தியமான காரியம் என்பது என் அபிப்பிராயம். விலை மலிந்த ஒரு மாத்திரையால் வலிப்பு நின்றுபோவதை ஊரார் கண்ணாரக் கண்டபின், அதே டாக்டர் சித்தப்பிரமைக்குத் தரும் மருந்தையும் நம்பத் துணிகிறார்கள்.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல ஸ்தாபனத்து வைத்தியர்கள் இதே முறையைப் பக்கத்துச் சக்கலவாரா கிராமத்தில் பழகி, 1985 முதல் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டம் முழுவதிலும் நடத்திக் காட்டினார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு 1996இல் மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் அது முதலில் வந்தது திருச்சிக்கு.

இத்தகைய சேவையை நிர்வகிக்கும் உத்தியோகத்தில் புகுகிறவர் மனோதத்துவ நூல்களைக் கரைத்துக் குடித்தவராயிருந்தாலும், அவருடைய நாட்களில் பெரும்பகுதியைத் தின்பது மருந்துக் கணக்கும் பதிவேடும்தான். தினந்தோறும் மாத்திரை விழுங்க மறுக்கும் மனச்சிதைவு நோயாளிக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அந்த ஊசி தவறினால் மறுநாளே ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் சாவதானமாகத் திரும்பி வந்து, வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவனை மறுபடி திண்ணையில் உட்கார்த்திவிடும் வியாதி அது. ஆகவே, யார் வந்தார் என்பதைவிட யார் வரவில்லை என்பதையே பதிவேடு சொல்லவேண்டும். சொன்னபின் அவர் வீட்டுக்கு ஒருவர் நடக்கவேண்டும். காய்ச்சலும் தடுப்பூசியும் பிரசவமுமாய்த் திணறும் நிலையத்து டாக்டரிடம் இந்தச் சுமையையும் ஏற்றுவதற்கு அதிகாரம் பயன்படாது. அவர் பக்கத்தில் அமர்ந்து நோயாளிகளைச் சேர்ந்து பார்த்தால் ஒருவேளை இணங்குவார். இணங்கிப் பழகிய மறு வருஷமே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். பெல்லாரியில் நடந்தது எல்லா மாவட்டங்களிலும் நடவாததற்கு, இப்படிப்பட்ட இடமாற்றமும், நிரப்பப்படாத பதவிகளும், அலமாரியில் தீர்ந்துபோன மருந்துமே பெரும் காரணங்கள். தத்துவத்தில் குறை ஒன்றுமில்லை.

அரசாங்கத்துக்கு வெளியிலும் ஆள் பழக்குவதே பெரிய வேலை. மனோவைத்தியர் டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் ஸ்தாபித்த ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 2010இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. நோயாளியும் வீட்டாரும் அதனுள் அமர்ந்து, சென்னையிலிருக்கும் வைத்தியரோடு திரையில் பேசினார்கள். மருந்தும் அங்கேயே கிடைத்தது. பத்திரிகைகள் திரையை வியந்து எழுதின. ஆனால், மறைத்து வைக்கப்பட்டவரைக் கண்டுபிடித்து, வீட்டாரைச் சம்மதிக்கச் செய்து, பஸ் வரை அழைத்து வந்து, அடுத்த முறை வராதபோது போய் விசாரித்தவர்கள் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களே. அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்குவதற்குப் பிடித்த பிரயாசை, பஸ்ஸுக்குப் பிடித்ததைவிடக் குறைவாயிருந்திராது.