சொல்லப்படாத துக்கம்: தந்தைமை பற்றிய ஐயமும் ஆயர் பணியும்

பிள்ளைப்பேறற்ற பெண்ணின் கண்ணீருக்குச் செவிகொடுக்க நமது சபைகள் ஓரளவு பழகியுள்ளன. அன்னாளின் விண்ணப்பத்தைக் குறித்து நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் தந்தையாகும் ஆற்றலை இழக்க நேரிடலாம் என்று மருத்துவர் கூறக் கேட்ட ஆண்மகனிடம் நாம் யாது கூறுகிறோம்? பெரும்பாலும் மௌனமே சாதிக்கிறோம்.

விரைப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் இளைஞரையும் நடுவயதை எட்டாதோரையும் தாக்கும் இந்நோய், மணம் பேசப்படும் பருவத்திலோ மணமான புதிதிலோ வருகிறது. 1970களில் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின், பரவிய நிலையிலும் இது பெரும்பாலும் குணமாக்கத்தக்கதாயிற்று. ஒரு விரை அகற்றப்பட்டாலும், மற்றது நலமாயிருப்பின் தந்தையாகும் வாய்ப்பு பொதுவாக நிலைத்திருக்கும். ஆயினும் கீமோதெரபியும் கதிரியக்கச் சிகிச்சையும் விந்தணு உற்பத்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடும். சிலருக்குச் சில ஆண்டுகளில் அது மீளும், சிலருக்கு மீளாது. இந்நிச்சயமின்மையே பெரும் பாரம். இறந்தவருக்கு அடக்க ஆராதனை உண்டு. பிறவாமற்போகக்கூடிய பிள்ளைக்காகத் துக்கிப்பதற்கு நம்மிடம் ஆராதனை ஒழுங்கு எதுவுமில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் இத்தகைய செய்தியோடு நம்மிடம் வந்த இளைஞர் ஒருவரிடம், “உயிர் பிழைத்தால் போதும், தம்பி, மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி, ஜெபித்து அனுப்பினோம். விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கலாம் என்பதையும், அதனைச் சிகிச்சைக்கு முன்னரே செய்யவேண்டும் என்பதையும் சிகிச்சை முடிந்தபின்பே அவர் அறிந்தார். மருத்துவரிடம் கேட்க அவர் கூசினார். நாமும் கேட்கத் தூண்டவில்லை. நமது விசுவாச வார்த்தை அவர் வாயை அடைத்துவிட்டது என்பதை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம்.

ஆகவே ஆயரின் முதற்கடமை செவிகொடுத்தலாகும். கோபம், வெட்கம், மனைவிக்கு அநீதி செய்துவிட்டோம் என்னும் குற்றவுணர்வு, பெற்றோரின் ஏக்கம் யாவும் பேசப்படட்டும். இரண்டாவது, மருத்துவரிடம் கேட்கவேண்டியதைத் தாமதமின்றிக் கேட்கத் துணைநிற்றல். வேண்டின் உடன் செல்லுதல். மூன்றாவது, மனைவியிடமோ மணம் பேசப்பட்டவரிடமோ உண்மையைக் கூற அவரைத் திடப்படுத்துதல். எனினும் அவருடைய இரகசியத்தைச் சபையின் ஜெபக்குறிப்பிலும் நாம் வெளியிடலாகாது. உறக்கமின்மையும் வாழ்வின்மேல் வெறுப்பும் நீடிப்பின், மனநல மருத்துவரிடம் அனுப்பத் தயங்கவும் வேண்டாம்.

திருமறை இக்காரியத்தில் மௌனமாயில்லை. உபாகமம் 23ஆம் அதிகாரம் விரை சிதைந்தவனைக் கர்த்தரின் சபைக்குப் புறம்பே நிறுத்திற்று. ஏசாயா 56ஆம் அதிகாரமோ அண்ணகருக்கு ஆலயத்தில் இடமும், புதல்வர் புதல்வியரினும் மேலான பெயரும் வாக்களிக்கிறது. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அண்ணகர், தாம் ஞானஸ்நானம் பெறத் தடை உண்டோ என வினவுகிறார். அக்கேள்வியின் பின்னே அப்பழைய விலக்கின் நிழல் விழுந்திருப்பதாக நாம் கொள்ளலாம். அன்று எத்தடையும் இருக்கவில்லை.

இவ்வாக்குறுதியைக் காட்டித் துக்கத்தை அவசரமாகத் துடைக்க முயலலாகாது. சந்ததி இல்லாவிடினும் தேவனுடைய வீட்டில் ஒருவரது பெயர் குறைவுபடாது என்பதே அதன் பொருள். இதனைத் திருமண ஆராதனையில் நாம் கூறும் ஆசிமொழிகளும் அறிந்திருக்கவேண்டும். பிலிப்பு இரதத்தில் ஏறி அருகே அமர்ந்த பின்னரே நற்செய்தியைப் போதித்தார். நாமும் அவ்வாறே தொடங்குவோமாக.