பத்து விநாடியில் எத்தனை முறை?

மாணவர்களே, ஒரு கையை நீட்டுங்கள். விரல்களை இறுக மூடி, பிறகு முழுதாக விரியுங்கள். பத்து விநாடியில் எத்தனை முறை செய்ய முடிகிறது? 20 அல்லது அதற்கு மேல் வந்தால் இயல்பு. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் செய்யச் சொல்லுங்கள். ஜப்பானிய மருத்துவர்கள் 1987இல் விவரித்த இந்தச் சோதனை கைக்கானது போலத் தோன்றும். உண்மையில் அது கழுத்துக்கானது.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் ஊடே செல்லும் பாதையில்தான் தண்டுவடம் இறங்குகிறது. கை, கால்களுக்கு மூளை அனுப்பும் கட்டளைகள் எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பாதையின் முன்பின் அளவு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர்தான். வயது ஏறும்போது எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீர் வற்றிப் பிதுங்கும், எலும்பின் ஓரங்கள் துருத்தி வளரும், தசைநார்கள் தடிக்கும். சிலருக்குத் தசைநாரே எலும்பாக மாறிவிடும். இது கிழக்காசியர்களிடம் அதிகம். பாதை குறுகக் குறுகத் தண்டுவடம் நசுங்குகிறது. அதன் இரத்த ஓட்டமும் குறைகிறது.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவர் முழங்காலில் சுத்தியலால் தட்டுவார். கழுத்து நோய்க்கு முழங்காலா? அனிச்சைச் செயல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். கால் உதைப்பதற்கான நரம்புச் சுற்று கீழ்முதுகுப் பகுதியில் இருக்கிறது. "அளவோடு உதை" என்று அதை அடக்கி வைப்பது மூளையிலிருந்து வரும் சமிக்ஞை. கழுத்தில் தடை வந்தால் அந்த அடக்கம் தளர்ந்துவிடும். கால் வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தேக்கா பூக்கடைகளில் மல்லிகை தொடுப்பவர்களின் விரல்களைக் கவனித்திருப்பீர்கள். அத்தகைய நுணுக்கமான வேலைகள்தான் முதலில் தடுமாறும். சட்டைப் பொத்தான் போட நேரமாகும், சில்லறை நழுவும், நடை தள்ளாடும். பலருக்குப் பெரிய வலியே இருக்காது. அதனால் "வயசாயிடுச்சு" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், முதல் அறிகுறிக்கும் சரியான நோய்க்கணிப்புக்கும் இடையே சராசரியாக 2 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது.

அந்த இரண்டு ஆண்டுகள் ஏன் முக்கியம்? அறுவை சிகிச்சை பாதையைத்தான் அகலமாக்கும். முன்பக்கமாகச் சென்று வட்டை அகற்றி எலும்புகளை இணைப்பது ஒரு முறை. பின்பக்க எலும்பைக் கதவுபோலத் திறந்து வைப்பது இன்னொன்று. ஜப்பானில் ஹிராபயாஷி 1977 முதல் இதைச் செய்தார். எந்த முறையானாலும், செயலிழந்தும் உயிரோடிருக்கும் நரம்பிழைகள் மீண்டும் வேலை செய்யலாம். இறந்துபோன நரம்பணுக்கள் திரும்பி வருவதில்லை.

மீட்சியை ஜப்பானியர்கள் ஒரு கணக்காகவே வைத்திருக்கிறார்கள். சாப்பிடும் திறன், நடை, தொடுவுணர்வு முதலியவற்றுக்கு மொத்தம் 17 புள்ளிகள். ஒருவருக்கு முன்பு 9, பின்பு 14 என்று வைத்துக்கொள்வோம். இழந்த 8 புள்ளிகளில் 5 திரும்பியிருக்கின்றன. 5ஐ 8ஆல் வகுத்தால் மீட்சி 62.5 விழுக்காடு.

முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தெரிந்துவிடும்; பிறகு வேகம் குறையும். பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஜப்பானிய ஆய்வுகளில், கிடைத்த பலன் பெரும்பாலும் நிலைத்திருந்தது. முதுமையாலும் மூட்டு, இடுப்பு நோய்களாலும் சிலருக்குக் கொஞ்சம் சரிந்தது. சிகிச்சைக்கு முன்பே மிகவும் பலவீனமாக இருந்தவர்களும், நீண்டகாலம் அவதிப்பட்டவர்களும் குறைவாகவே மீள்கிறார்கள்.

எலும்புகளை இணைத்தால் இன்னொரு விலையும் உண்டு. அசையாத எலும்புக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் கூடுதல் சுமை தாங்குகின்றன என்று கருதப்படுகிறது. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.9 விழுக்காட்டினருக்குப் பக்கத்து மூட்டில் புதிய தொல்லை வந்தது. இயல்பான தேய்மானத்துக்கும் அதில் பங்கு உண்டு. அதனால் தொடர் பரிசோதனை தேவை.

பாட்டிக்கு 20 வரவில்லை என்றால் பதற வேண்டாம். விரல் மூட்டுவாதத்தாலும் எண்ணிக்கை குறையும். ஆனால் பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது "கை மரத்துப் போகிறது" என்று மட்டும் சொன்னால், மணிக்கட்டு நரம்பு அழுத்தம் என்று நினைக்கப்படலாம். அது நடையைப் பாதிக்காது. அண்மையில் நடையும் மாறியிருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.