எல்லைக்கு அப்பால் ஓர் அரண்மனை

கேரளத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிக் கிராமங்களில் மலையாளமும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. பாறசாலையைக் கடந்து களியக்காவிளையை அடைந்தால் தமிழ்நாடு தொடங்குகிறது. அங்கிருந்து குழித்துறை, மார்த்தாண்டம் வழியாகத் தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லும் வரலாற்று ஆர்வலர், அதன் வாயிலிலேயே ஒரு வியப்பைச் சந்திக்கிறார். நிலம் தமிழ்நாட்டினது, நுழைவுச் சீட்டு வழங்குவதோ கேரள அரசின் தொல்லியல் துறை. இந்த ஏற்பாடு எவ்வாறு உருவாயிற்று?

திருவிதாங்கூர் அரசின் தலைநகராக விளங்கியது பத்மநாபபுரம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா அரண்மனையை விரிவாகப் புதுப்பித்தார். 1750இல் அவர் தமது நாட்டை ஸ்ரீ பத்மநாபருக்கு அர்ப்பணித்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. அரசாட்சி அகன்றபின்னும் கட்டடம் அழியவில்லை. 1930களில் அது அருங்காட்சியகமாகப் பேணப்படலாயிற்று.

உள்ளே செல்வோர் முதலில் காண்பது மரவேலையின் நேர்த்தி. வண்ண அபிரகத் தகடுகள் பொருத்திய சாளரங்களையுடைய மந்திரசாலை, வழுவழுப்பான கருந்தளம், நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே உணவருந்திய ஊட்டுப்புரை, கருங்கல் தூண்கள் நிற்கும் நவராத்திரி மண்டபம் ஆகியவை, ஆட்சியும் அன்னதானமும் கலையும் ஒரே வளாகத்தில் இயங்கியதைக் காட்டுகின்றன. மழை மிகுந்த நாட்டிற்கேற்ற சரிந்த கூரைகளும் காற்றோட்டமும் இன்றைய கட்டடக் கலை மாணவர்க்கும் பாடமாகும்.

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றிணைந்தன. தென்பகுதித் தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்க வேண்டுமென்ற கிளர்ச்சி வலுத்தது. 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் இணைந்தன. கிளர்ச்சியாளர் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. கல்குளம் வட்டத்திலுள்ள அரண்மனையோ கேரள அரசின் உடைமையாகவே நீடித்தது.

இதன் விளைவாகப் பொறுப்பு இரண்டாகப் பிரிந்துள்ளது. கூரையும் தூணும் தளமும் கேரளத்தின் கவலை. சுற்றியுள்ள பத்மநாபபுரம் நகராட்சியும், அதன் சாலைகளும் சுகாதாரமும் தமிழ்நாட்டின் கவலை. ஒன்று தளர்ந்தால் மற்றொன்றின் உழைப்பும் வீணாகும். 2014இல் இவ்வரண்மனை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தகைய தகுதிக்குக் கட்டடத்தின் பாதுகாப்போடு அதன் சுற்றுப்புறத்தின் பாதுகாப்பும் தேவை. எனவே இரு அரசுகளின் கூட்டுத் திட்டமின்றி அது கைகூடாது.

இசைவு இயலாததன்று. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர், அரண்மனையிலுள்ள சரஸ்வதி தேவி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் திருவனந்தபுரத்திற்கு ஊர்வலமாகச் செல்கின்றன. அரசரின் உடைவாளும் உடன் செல்கிறது. களியக்காவிளையில் கேரளம் வரவேற்கிறது. நெய்யாற்றின்கரையில் ஊர்வலம் இரவு தங்குகிறது. இரு மாநிலக் காவல் துறையினரும் மரியாதை செலுத்துகின்றனர்.

ஆனால் அதே எல்லையில் நெய்யாறு இடதுகரைக் கால்வாயின் கதை வேறு. விளவங்கோடு வட்ட வயல்களுக்கு அதன் வழியே வந்த நீர் 2004இல் நிறுத்தப்பட்டது. தாவா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1956இல் வரைந்த கோடு ஒன்றே. அரண்மனையைப் பொறுத்தவரை உடைமை யாருடையது, கடமை யாருடையது என்பது தெளிவாயிருந்தது. ஆகவே அது நிலைத்தது. நீரைப் பொறுத்தவரை அத்தெளிவு கிட்டவில்லை; ஆகவே உழவர் வாடினர்.

எல்லைகளை வரைவது சட்டத்தின் பணி. அவற்றின் இருபுறமும் வாழ்வோரின் பொதுச் செல்வத்தைக் காப்பது நிர்வாகத்தின் பணி. பத்மநாபபுரத்திற்குச் செல்லும் மாணவரும் அலுவலரும் அங்குள்ள மரச் சிற்பங்களைக் காண்பதோடு, அவற்றைக் காத்து நிற்கும் இந்த ஏற்பாட்டையும் கருத்தூன்றிப் பயில்வார்களாக.