பக்கத்தில் இருப்பவன் மனிதனா, பூதமா?

தென் துருவத்துப் பயங்கரப் படமும், அங்கே நடந்த உண்மைச் சம்பவங்களும்

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைப் பனி. மரம் இல்லை. புல் இல்லை. பறந்து போக ஒரு காக்கை கூட இல்லை.

அந்தப் பனியில் ஒரு நாய் ஓடி வருகிறது. அதை ஒரு ஹெலிகாப்டர் விரட்டி வருகிறது. ஹெலிகாப்டரில் இருக்கும் ஒருவர், நாயைக் குறி பார்த்துச் சுடுகிறார். குண்டு தவறுகிறது. மீண்டும் சுடுகிறார்.

ஒரு நாயைக் கொல்ல இத்தனை பாடா? அது என்ன பாவம் செய்தது?

இப்படித்தான் தொடங்குகிறது "தி திங்" என்ற அமெரிக்கப் படம். 1982-ம் ஆண்டு வெளிவந்தது. டைரக்டர் ஜான் கார்ப்பென்டர். கதாநாயகன் கர்ட் ரஸ்ஸல்.

படத்தில் பூதம் வருகிறது. ரத்தம் வருகிறது. பார்ப்பவர் அலறும் காட்சிகளும் உண்டு. ஆனால் பார்த்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது பூதம் அல்ல. வேறு ஒன்று!

12 பேர்

கதை நடப்பது தென் துருவக் கண்டமான அண்டார்டிகாவில். அங்கே ஓர் அமெரிக்க முகாம். முகாமில் 12 ஆண்கள். விஞ்ஞானிகள், டாக்டர், சமையல்காரர், மெக்கானிக், ரேடியோக்காரர், ஹெலிகாப்டர் ஓட்டி என்று ஆளுக்கு ஒரு வேலை.

குளிர் காலம் தொடங்கிவிட்டது. வெளி உலகத்தோடு தொடர்பு இல்லை. இந்த நேரத்தில்தான் அந்த நாய் முகாமுக்குள் நுழைகிறது.

உண்மையில் அது நாயே அல்ல! வேறு உலகத்தில் இருந்து வந்த ஒரு ஜந்து. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பனிக்கு அடியில் உறைந்து கிடந்தது. பக்கத்து முகாமில் இருந்த நார்வேக்காரர்கள் தெரியாமல் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

நம் கதைகளில், கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை வரும் அல்லவா? இந்த ஜந்துவும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு நாயை விழுங்கினால் நாயாக மாறும். ஒரு மனிதனை விழுங்கினால் அதே மனிதனாக மாறும். அதே முகம், அதே குரல், அதே சிரிப்பு! ஒரு வித்தியாசமும் தெரியாது.

கொதிக்கும் கம்பி

நேற்று வரை ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவன், இன்றும் அதே மனிதன்தானா? யாருக்குத் தெரியும்?

முகாமில் சந்தேகம் புகுந்துவிட்டது. ஒருவரும் தனியாகப் போவதில்லை. போனால், திரும்பி வந்தவரை மற்றவர்கள் நம்புவதில்லை.

ஒரு விஞ்ஞானி, இந்த ஜந்து ஊருக்குள் போய்விட்டால் மனித குலமே அழிந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார். கோடரியை எடுத்து ரேடியோவை நொறுக்குகிறார். ஹெலிகாப்டரையும் ஓட முடியாமல் செய்துவிடுகிறார். இனி யாரும் வெளியே போக முடியாது.

கடைசியில் கதாநாயகன் ஒரு சோதனை வைக்கிறான். எல்லாரையும் கட்டிப் போடுகிறான். ஒவ்வொருவர் ரத்தத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுக்கிறான். ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ரத்தத்தில் வைக்கிறான். மனித ரத்தமாக இருந்தால் "சுர்" என்று பொசுங்கும். ஜந்துவின் ரத்தமாக இருந்தால் துள்ளி ஓடும்!

இந்தச் சோதனையில் ஒரு கொடுமையும் வெளிப்படுகிறது. சற்று முன், தன் மேல் பாய்ந்த ஒரு தோழனைக் கதாநாயகன் சுட்டுக் கொன்றிருந்தான். அவனுடைய ரத்தத்தையும் சோதிக்கிறான். "சுர்" என்று பொசுங்குகிறது.

செத்தவன் மனிதன்! அவனைக் கொன்றது பூதம் அல்ல. சந்தேகம்!

படம் முடியும்போது முகாம் எரிந்துகொண்டிருக்கிறது. மிஞ்சியது 2 பேர். தீ அணைந்தால் குளிரில் சாக வேண்டியதுதான். அந்த நேரத்திலும் ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல் எதிர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஓடாத படம்

ஜான் கேம்பெல் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1938-ல் எழுதிய கதைதான் இந்தப் படத்துக்கு மூலம். 1951-லேயே இதை ஒரு முறை படமாக எடுத்தார்கள். அந்தப் படத்தில் கதை வட துருவத்துக்கு மாறியது. ஜந்துவும், உருவம் மாறாத ஒரு நெட்டை அரக்கனாக வந்தது. எதிரி யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்று சேர்ந்து மின்சாரம் பாய்ச்சி அழித்துவிட்டார்கள்.

கார்ப்பென்டர் மூலக் கதைக்கே திரும்பிப் போனார். எதிரி யார் என்றே தெரியாது என்பதுதான் அவர் காட்டிய பயங்கரம்.

வெளிப்புறக் காட்சிகளைக் கனடாவின் பனி மலைப் பகுதியில் எடுத்தார்கள். உட்புறக் காட்சிகளுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் செட் போட்டார்கள். வெளியே கொளுத்தும் வெயில்! உள்ளே எந்திரம் வைத்துக் குளிரூட்டினார்கள்.

படம் 1982 ஜூன் 25-ல் திரைக்கு வந்தது. வசூல் இல்லை. வேறு உலகத்தில் இருந்து வந்த நல்ல பிராணி ஒன்று, ஒரு சிறுவனோடு தோழமை கொள்ளும் "ஈ.டி." படம், 2 வாரம் முன்புதான் வந்திருந்தது. கூட்டம் எல்லாம் அங்கே! பல ஆண்டுகள் கழித்துத்தான் கார்ப்பென்டரின் படத்துக்குப் பெருமை வந்தது. இன்று சிறந்த பயங்கரப் படங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

பனியில் சிக்கிய கப்பல்

பூதம் கற்பனை. ஆனால் சந்தேகம்?

அது கற்பனை அல்ல. பனிப் பிரதேசத்தில் உண்மையிலேயே நடந்திருக்கிறது.

1897-ல் பெல்ஜியம் நாட்டில் இருந்து "பெல்ஜிகா" என்ற கப்பல் தென் துருவப் பகுதிக்குப் புறப்பட்டது. 1898 மார்ச் மாதம் கடல் உறைந்து, கப்பல் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டது. முன்னும் போக முடியாது. பின்னும் போக முடியாது.

மே மாதம் சூரியன் மறைந்தது. சுமார் 70 நாள் வரவே இல்லை! பகலும் இருட்டு. இரவும் இருட்டு. நல்ல உணவு இல்லாமல் உடம்பு வீங்கியது. ஜூன் மாதம் ஒருவர் இறந்தார். ஒரு மாலுமிக்குச் சித்தம் கலங்கியது. கூட இருப்பவர்கள் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று பயந்து, மூலை முடுக்குகளில் ஒளிந்துகொண்டார்.

எந்தப் பூதமும் வரவில்லை. இருட்டும் தனிமையும் போதுமானதாக இருந்தன!

மற்றவர்களைக் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர் கப்பல் டாக்டர் பிரெடரிக் குக். பென்குவின் பறவையின் இறைச்சியையும், சீல் என்ற கடல் பிராணியின் இறைச்சியையும் சாப்பிட வைத்தார். நோயாளிகளை அடுப்புத் தீயின் முன்னால் உட்கார வைத்தார். பேச்சுக் கொடுத்தார். தைரியம் சொன்னார். உடம்பு தேறியது. மனமும் தேறியது.

பிறகு எல்லாருமாகச் சேர்ந்து பனிக்கட்டியை ரம்பத்தால் அறுத்து வழி வெட்டினார்கள். வெடி வைத்தும் உடைத்தார்கள். 1899 மார்ச் மாதம் கப்பல் விடுதலை ஆயிற்று. அந்தக் கப்பலில் இருந்த அமுண்ட்சென் என்ற இளைஞர்தான், 1911-ல் உலகிலேயே முதன்முதலாகத் தென் துருவத்தை அடைந்த குழுவின் தலைவர்.

தன் வயிற்றைத் தானே அறுத்தவர்

1961-ல் நடந்தது இன்னும் பெரிய அதிசயம்.

ருஷியர்கள் அண்டார்டிகாவில் நோவோலாசரெவ்ஸ்கயா என்ற புதிய நிலையத்தைக் கட்டியிருந்தார்கள். அங்கே இருந்தவர்கள் 12 பேர். ஒரே ஒரு டாக்டர். பெயர் லியோனித் ரோகசோவ். வயது 27.

ஏப்ரல் மாதக் கடைசியில் டாக்டருக்கே வயிற்று வலி! குடல்வால் வீங்கிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிர் போய்விடும். வெளியே பனிப் புயல். விமானம் வர வழி இல்லை. ஆபரேஷன் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவரே!

தனக்குத் தானே ஆபரேஷன் செய்துகொள்வது என்று முடிவு செய்தார்.

வானிலை பார்ப்பவர் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். டிரைவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தார். இவர்களில் யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது? அதற்காக நிலையத் தலைவரும் பக்கத்தில் நின்றார். "எனக்கு நினைவு தவறினால் என்ன மருந்து ஏற்ற வேண்டும், எப்படி மூச்சு வரவழைக்க வேண்டும்" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்.

ஏப்ரல் 30-ந் தேதி இரவு. மரத்துப் போக ஊசி போட்டுக்கொண்டு, வயிற்றை அறுத்தார். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, தடவிப் பார்த்தே வேலை செய்தார். தலை சுற்றியது. சில நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வு எடுத்தார். சுமார் 2 மணி நேரத்தில் குடல்வாலை வெட்டி எடுத்து, தையலும் போட்டுவிட்டார்.

2 வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். 2000-ம் ஆண்டு வரை உயிரோடு இருந்தார்.

கத்தியைப் பிடித்தது டாக்டரின் கை. கண்ணாடியைப் பிடித்தது ஒரு டிரைவரின் கை. அந்தக் கை நடுங்கியிருந்தால்? டாக்டர் அந்தக் கையை நம்பினார். பிழைத்தார்.

இந்த நிலையத்தில் இருந்து சில மைல் தூரத்தில்தான் 1989 முதல் இந்தியாவின் "மைத்ரி" நிலையம் இருக்கிறது. மைத்ரி என்றால் நட்பு என்று பொருள். அந்த இடத்துக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

கடைசி விமானம் போன பிறகு...

சரியாகத் தென் துருவத்திலேயே அமெரிக்க ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே 1982 ஜூன் 23-ந் தேதி, அதாவது படம் வெளிவருவதற்கு 2 நாள் முன்பு, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 82.8 டிகிரிக்குப் போயிற்று!

பிப்ரவரி மாதம் கடைசி விமானம் அங்கிருந்து புறப்பட்டுவிடும். சுமார் 40 பேர் மட்டும் தங்குவார்கள். சுமார் 8 மாதம் விமானம் வராது. மார்ச்சில் மறையும் சூரியன் செப்டம்பரில்தான் உதிக்கும்.

கடைசி விமானம் போனதும் அவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து "தி திங்" படம் பார்ப்பார்கள்! அது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

படம் முடியும். விளக்கு எரியும். பக்கத்தில் இருப்பவர் சமையல்காரர். நாளைக் காலை அவர் கையால்தான் சாப்பிட வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் மெக்கானிக். அவர் பார்த்துக்கொள்ளும் எந்திரம் நின்றால் அத்தனை பேரும் குளிரில் விறைத்துப் போவார்கள்.

இவர்களை நம்பாமல் வேறு யாரை நம்புவது?