இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

நம் புனேயைக் கல்வி நகரம் என்பார்கள், மோட்டார் நகரம் என்பார்கள். தடுப்பூசி நகரம் என்றாலும் தகும். 1966-ல் இங்கே தொடங்கப்பட்ட சீரம் இன்ஸ்டிடியூட்டிலிருந்துதான் 2021 ஜனவரி 12 அன்று கோவிஷீல்டின் முதல் பெட்டிகள் வெளியூர்களுக்குப் புறப்பட்டன. அவற்றுக்கு விதித்த வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். நம் வீடுகளில் உள்ள, இன்னும் திறக்காத இன்சுலினுக்கும் அதே கணக்குதான். சூட்டில் மருந்து கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் போச்சு என்பதைப் பலர் நினைப்பதில்லை. உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க நன்றாகவே இருக்கலாம். ஆனால் போட்டுக்கொள்ளக் கூடாது.

கன்ட்ரோல் பேனல் தொழிலில் இருப்பவன் என்பதால், டைரக்ட் கூல் வகை ஃபிரிட்ஜில் இந்த எல்லையைக் காக்கும் ஒயரிங்கைச் சொல்கிறேன். புத்வார் பேட்டின் தப்கீர் கல்லியில் கேட்டால் டிஜிட்டல் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் கிடைக்கும். அதற்கு சப்ளை இரண்டு முனை, சென்சர் இரண்டு முனை. ரிலேக்கு மூன்று: பொது முனை, சாதாரணமாகத் திறந்திருக்கும் முனை, சாதாரணமாக மூடியிருக்கும் முனை. பேஸ் ஒயரைப் பொது முனையில் கொடுத்து, திறந்திருக்கும் முனையிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் கன்ட்ரோலருக்குக் கரண்ட் போனால் கம்ப்ரசரும் நிற்கும்.

எடுத்த ஒயரை நேரே கம்ப்ரசருக்குக் கொண்டுபோகலாமா? ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் ஹீட்டர் போன்ற லோடுக்கான கணக்கு. கம்ப்ரசர் ஓடும்போது ஓர் ஆம்பியர் அளவே இழுத்தாலும், கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். நாளடைவில் ரிலேயின் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். திரையில் நின்றுவிட்டதாகக் காட்டும். உள்ளே கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், மருந்து உறையும். ஆகவே ரிலே ஒரு கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். கம்ப்ரசர் கரண்டைக் கான்டாக்டர் தாங்கட்டும். எர்த் ஒயர் கட்டாயம் பாடிக்குப் போக வேண்டும். ஃபிரிட்ஜின் பழைய தெர்மோஸ்டாட்டை அதிகக் குளிரில் திருப்பி வையுங்கள். இனி கட்டளை கன்ட்ரோலருடையது.

6 டிகிரியில் கிளம்பி 4-ல் நிற்கும்படி வைத்தால் போதும். நின்ற பிறகும் குளிர் கொஞ்சம் இறங்கும், அதற்கு இடம் வேண்டுமே. மறுபடி கிளம்ப 3 நிமிடத் தாமதம் கொடுங்கள். குழாய்களில் அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசர் கிளம்பத் திணறும். சென்சர் கதவோரம் வேண்டாம், குளிர்த்தட்டைத் தொடவும் வேண்டாம். மருந்துகளின் நடுவே இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு காவலாளி போதாது. தனி சென்சரோடு இன்னொரு கன்ட்ரோலர், தனி கான்டாக்டர், அதே பேஸ் வழியில் தொடராக வரவேண்டும். 3 டிகிரிக்குக் கீழே போனால் அது சப்ளையை அறுத்து மணி அடிக்கும். முதலாவதின் சென்சரையே இதற்கும் கொடுத்தால் பயனில்லை. சென்சர் பொய் சொன்னால் இரண்டுமே நம்பிவிடும்.

230 வோல்ட் விளையாட்டல்ல, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். தடுப்பூசி வைக்கும் கிளினிக்குகளுக்கு இது மாற்று ஆகாது. அதற்கென்றே செய்த ஐஸ்-லைன்ட் ஃபிரிட்ஜ்தான் வாங்க வேண்டும். எதை வாங்கினாலும் கடைக்காரரிடம், "காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் இதை யார் நிறுத்துவார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.