பிளிகிரிரங்கன் மலையில் தங்கப் போகிறவர்களுக்கு

நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஊட்டியும் குடகும் பார்த்து அலுத்துவிட்டது சார். கூட்டமில்லாத மலையாக, இரண்டு மூன்று நாள் தங்குகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள். எந்த சீசனில் போகலாம் என்றும் சொல்லுங்கள்." பிளிகிரிரங்கன் மலைக்குப் போங்கள் என்பேன். எந்த மாதத்திலும் போகலாம்; ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் அது வேறொரு மலை. அதைத் தெரிந்துகொண்டு போனால்தான் பயணம் இனிக்கும். மைசூரில் முப்பது ஆண்டுகளாக வசிக்கும் நான் பல பருவங்களில் அங்கே போய்த் தங்கியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, சாமராஜநகர் வழியாகப் போகலாம், அல்லது டி. நரசிபுரம், எளந்தூர் வழியாகவும் ஏறலாம். எப்படிப் போனாலும் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர்தான். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பாலம் போல இந்த மலைத்தொடர் கிடக்கிறது. தெற்கே நம் சத்தியமங்கலம் காடு. யானைகளுக்கு மாநில எல்லை ஏது? இரண்டு பக்கமும் அவை போய் வருகின்றன.

'பிளி' என்றால் கன்னடத்தில் வெள்ளை. வெண்மையான ஒரு செங்குத்துப் பாறையின் உச்சியில் ரங்கநாதர் கோயில் இருப்பதால் இந்தப் பெயர். அடிவாரத்தில் முட்புதர்க் காடு, அதற்கு மேல் இலையுதிர் காடு, இன்னும் மேலே பசுமைமாறாக் காடும் சோலையும் புல்வெளியும். சுமார் 600 மீட்டரிலிருந்து 1,800 மீட்டர் வரை உயரும் ஒரே மலையில் இத்தனை வகைக் காட்டைப் பார்க்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. எனவே மைசூரில் வியர்க்கும் நாளிலும் அங்கே போர்வை தேவைப்படும்.

தங்கும் இடம் கியாததேவர குடி. சுருக்கமாகக் கே. குடி என்பார்கள். மகாராஜா காலத்து வேட்டை பங்களா ஒன்று அங்கே உண்டு. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் 1980-இல் தொடங்கப்பட்டது. அதன் முகாம் இங்கும் அமைந்தது. மேடை மேல் போட்ட கூடாரங்கள், மரக் குடில்கள், நடுவில் சாப்பாட்டுக் கூடம், அவ்வளவுதான். சுற்றிலும் காடு. கடை கண்ணி எதுவும் கிடையாது. மாத்திரை, குழந்தைக்கான பால் பவுடர், கைவிளக்கு எல்லாம் இங்கிருந்தே எடுத்துப் போக வேண்டும். இடமும் கட்டணமும் முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்யாமல் போகாதீர்கள். பொழுது சாய்ந்தபின் காட்டுப் பாதையில் வண்டி ஓட்டுவதாகத் திட்டமே போடாதீர்கள். மதியத்திற்குள் போய்ச் சேர்ந்துவிடுவது உத்தமம்.

இனி பருவங்களைப் பார்ப்போம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். மலை முழுதும் மேகத்துக்குள் இருக்கும். விலங்குகள் கண்ணில் படுவது குறைவு; எங்கும் தண்ணீர் இருப்பதால் அவை ஓரிடத்தில் கூடுவதில்லை. ஆனால் புல்வெளியின் பச்சையை இந்த மாதங்களில்தான் பார்க்க வேண்டும். அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் கால்சட்டையை நீளமான காலுறைக்குள் செருகிக்கொண்டு, கொஞ்சம் உப்புப் பொட்டலமும் வைத்துக்கொள்ளலாம். அட்டையைப் பிய்த்து எறியக் கூடாது. உப்புப் பட்டால் அதுவே விட்டுவிடும்.

அக்டோபர், நவம்பரில் நம் ஊர் வடகிழக்குப் பருவமும் இங்கே எட்டிப் பார்க்கும். இரண்டு பருவமழையும் பெறுவது இந்த மலையின் பேறு. மழை விட்ட இடைவெளிகளில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். டிசம்பர், ஜனவரியில் குளிர். காலை ஏழு மணி வரை பனி விலகாது. பறவை பார்ப்பவர்களுக்கு ஏற்ற காலம். 1939-இல் மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி, இந்த மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த மோரிஸ் என்ற ஆங்கிலேயரின் விருந்தினராகத் தங்கினார். நெல்லிக்காய் பறிக்கும் காலமும் இதுதான்.

பிப்ரவரி முதல் மே வரை வறட்சி. இலையெல்லாம் உதிர்ந்து காடு திறந்துகொள்ளும். குட்டைகளின் ஓரத்தில் காட்டெருமை, கடமான், யானைக் கூட்டம் ஆகியவற்றை எளிதில் காணலாம். புரச மரம் தீப்பிழம்பு போலப் பூத்து நிற்கும். ஆனால் உண்மையான தீயும் இந்த மாதங்களில்தான் வரும். 2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது பலருக்கும் நினைவிருக்கும். இக்காலத்தில் சில பாதைகளை வனத்துறை மூடிவிடும். அதற்காக முகம் சுளிக்காதீர்கள். இன்னொன்று, உண்ணி. 1957-இல் சிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணி மூலம் பரவுவது. 2012-இல் அது பந்திப்பூரிலும் தலைகாட்டியது. எனவே சருகு மேல் உட்காராமல், திரும்பியதும் உடம்பையும் துணியையும் பார்த்துவிட்டுக் குளியுங்கள். செத்த குரங்கைக் கண்டால் கிட்டப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இந்த விவரங்களில் பாதி எனக்குப் புத்தகத்திலிருந்து கிடைத்தவை. மீதி அந்த மலையின் மக்களான சோலிகர்களிடம் கேட்டவை. தமிழ்நாட்டுப் பக்கம் இவர்களையே சோளகர் என்கிறோம். அவர்கள் பேச்சு கன்னடத்தோடு தமிழும் கலந்தது போல் நம் காதில் விழும். ரங்கநாதர் குசுமாலை என்ற சோலிகப் பெண்ணை மணந்தார் என்பது அவர்கள் வழக்கு. அதனால் சாமியை 'பாவா', அதாவது அக்காள் கணவர் என்று உறவு சொல்லி அழைக்கிறார்கள். வள்ளியை மணந்த முருகனைக் கொண்டாடும் நமக்கு இது புரியாததா? சாமிக்குப் பெரிய தோல் செருப்பு செய்து காணிக்கையாகக் கொடுப்பதும் அவர்கள்தான். பார்கவி ஓடைக்கரையில் 'தொட்ட சம்பிகே' என்ற மாபெரும் செண்பக மரம் ஒன்று பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. அதுவே அவர்களுக்குக் கோயில்.

வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் நிம்மதியாகத் தங்கும் இந்தக் காட்டில் ஒரு காலத்தில் அவர்கள் குடியிருப்புகள் சிதறிக் கிடந்தன. 1974-இல் இது வனவிலங்குச் சரணாலயம் ஆனது. பெயர்ந்து பெயர்ந்து செய்த விவசாயமும் வேட்டையும் நின்றன. 'போடு' எனப்படும் நிலையான குடியிருப்புகளுக்கு அவர்கள் வந்தார்கள். சருகுக்கு மட்டும் முன்கோடையில் சிறு தீ வைக்கும் 'தரகு பெங்கி' என்ற வழக்கமும் தடைப்பட்டது. அந்தச் சிறு தீ நின்றதால்தான் உண்ணிச்செடி என்று நாம் சொல்லும் லாண்டானா காடெங்கும் மண்டியது, புல் குறைந்தது, பெருந்தீக்கு விறகு சேர்ந்தது என்பது அவர்கள் வாதம். ஆராய்ச்சியாளர்கள் சிலரும் இதைக் கவனமாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். சுமார் 540 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காடு 2011 ஜனவரியில் புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் வன உரிமைச் சட்டத்தின்படி சோலிகர்களின் சமூக உரிமையும் ஏற்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே முதன்முறை. தேன், நெல்லி, பாசி முதலியவற்றைச் சேகரிக்கும் உரிமை அதில் அடங்கும்.

அங்கே போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஜீப்பில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, "ஒரு புலிகூட வரவில்லையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. எங்களோடு வந்த சோலிகப் பெரியவர் ஒருவரோ காற்றின் மணத்தை வைத்தே, "யானை இப்போதுதான் போயிருக்கிறது, கொஞ்சம் நில்லுங்கள்" என்றார். பத்து நிமிடம் கழித்து, ஈரம் காயாத சாணத்தைக் காட்டினார். நமக்கு அது பொழுதுபோக்கு. அவருக்கு அது வீட்டு வாசல். நமக்கு நாலு பருவம். அவருக்குத் தேன் எடுக்கும் காலம், நெல்லி பறிக்கும் காலம், ராகி அறுக்கும் காலம், அறுவடைக்குப் பின் வரும் 'ரொட்டி ஹப்ப' என்னும் திருவிழா.

ஆகவே என் வேண்டுகோள் இவைதான். அனுமதி உள்ள பாதையில், உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் நடங்கள். வெள்ளையும் சிவப்பும் தவிர்த்து மங்கிய நிற உடை அணியுங்கள். பாட்டும் ரேடியோவும் வேண்டாம். பிளாஸ்டிக்கை மைசூருக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள். குரங்குக்கும் மானுக்கும் தீனி போடாதீர்கள். தேனோ காப்பிப் பொடியோ வாங்கினால், அங்கே விளைவித்தவர் கையிலிருந்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். குழந்தைகளை அவசியம் கூட்டிப் போங்கள். வழிகாட்டியை அவர்கள் 'அண்ணா' என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்கட்டும். ஒரு மரத்தின் பெயரும் அதன் பயனும் தெரிந்துகொண்டு திரும்பினால் போன காசு வீணில்லை.

வீரப்பனுக்குப் பயந்து அந்தப் பக்கமே போகாதிருந்த காலம் ஒன்று இருந்தது. 2004 அக்டோபரோடு அது முடிந்தது. இனி தயங்கக் காரணமில்லை. அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும் அன்பர்கள், 'சீசன்' எப்போது என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இந்த மாதம் அங்கே என்ன நடக்கிறது?' என்று கேட்டுப் போங்கள். பன்னிரண்டு மாதமும் அதற்குப் பதில் சொல்ல அந்த மலையில் ஆள் இருக்கிறார்கள்.